நோட்டீஸ் போர்டில் உன் கட்டுரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், என் மனசுதான் சரியில்லை. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, தம்பி வழக்கம்போல் யார் பேச்சையும் கேட்பதில்லை, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய கல்லூரி இதழில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, கண் பெயருக்குக் கீழே இறங்கினால்தானே, அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி பஸ் டிப்போ நோட்டீஸ் போர்டில் எங்கள் சங்க அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டி, வந்த டிரைவர் கண்டக்டரை எல்லாம் பிடித்து இழுத்துக் காட்டினேன். என் வண்டிக் கண்டக்டர் மீசைக்காரன்தான் உரக்கப் படித்தான். நஷ்டத்தில் ஓடும் தடங்களைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய், உதாரணத்துக்கு நான் ஓட்டும் தடத்தையே. அண்ணே, உங்க பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாளே என்று அவன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சங்கச் செயலாளர் வேறு நான், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இதெல்லாம் அவளுக்கு எங்கப்பா தெரியும், வாத்தியார் எழுதிக் கொடுத்ததுல இவ பேரைப் போட்டிருக்காங்க என்று சொல்லிவிட்டேன். காலேஜ்ல பிள்ளைங்க மண்டையில இப்படித்தான் ஏத்தி விடுறாங்க என்றார்கள், நானும் தலையாட்டினேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள் மகளே, அதுதான் என்னை அறுக்கிறது.

வீட்டுக்கு வந்து முழுசாகப் படித்தேன். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, மீதிக்கு என்னிடம் இருப்பது கோபம்தான். போராட்டப் பந்தலில் என் தோளில் உட்கார்ந்து கோஷம் போட்ட குழந்தை, இரண்டு வருஷம் பொருளாதாரம் படித்ததும் இப்படி மாறிவிட்டதே என்று முதலில் வருத்தப்பட்டேன். யோசித்தால், அன்று நீ கத்தியதுதான் நான் சொல்லிக் கொடுத்தது. இது நீயாக யோசித்தது. அதைப் போய் இன்னொருவன் எழுதியது என்றேனே.

டிப்போவில் நடந்ததை அம்மா போனில் உன்னிடம் உளறிவிட்டாளாம், அப்பாவுக்குப் பிடிக்காததை இனிமேல் எழுத மாட்டேன் என்று நீ அழுதாயாம். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதே. நாளைக்கு டிப்போவில் உண்மையைச் சொல்லப் போகிறேன். லீவுக்கு வரும்போது என்னோடு சண்டை போடு, எனக்காக விட்டுக்கொடுக்காதே. நன்றாக இரு, நிறையப் படி, கண்ணாடியை மறக்காமல் மாற்று.

உன் மூளையை யாரோ ஒரு வாத்தியாருக்குத் தாரைவார்த்த
அப்பா