செவலைச் சேவலை அறுத்தவன் எழுதுவது

என் பேச்சிக்கு,

கோடைச் சீக்கு இந்த வருஷமும் நம் சிலமலை ஊருக்குள் வந்துவிட்டுப் போனது. எதிர்வீட்டில் ஒரு கோழி மிச்சமில்லை. நம் வீட்டுச் சேதிதான் உனக்கு முதலில் வேண்டும். சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெரியவன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்து, செத்த கோழிகளைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்ப் புதைத்தோமே, அப்போது மூன்று மட்டும் பிழைத்தன. சந்தையில் புதிதாக வாங்கலாம் என்றேன். நீ கேட்கவில்லை. பிழைத்தவை இட்ட முட்டைகளை மட்டுமே அடை வைத்தாய். அடுத்த கோடையில் தப்பியவற்றின் காலில் சிவப்பு நூல் கட்டி, நூல் கட்டியது அறுப்பதற்கில்லை என்று சட்டம் போட்டாய்.

வாரமெல்லாம் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் கஞ்சி குடித்துவிட்டுச் சனிக்கிழமை ஜீப்பில் இறங்கி வருகிற எனக்கு, நீ குழம்பு வைத்தது எலும்பும் தோலுமான ஒன்றைத்தான். "கோழிக்குச் சாதகம் பார்க்கிறவள இப்பத்தாண்டி பார்க்குறேன்" என்று கேலி செய்வேன்.

"கொழுத்ததாப் பார்த்து அறுத்துத் தின்னுபுட்டு, சோப்ளாங்கிய அடைக்கு விட்டா, சீக்கு எப்படித் தாங்கும்? நல்லது வீட்டுல நிக்கணுமுங்க" என்பாய். அப்படி நின்றதுதான் செவலைச் சேவல். மூன்று கோடை தாண்டியது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கூட்டிவந்த வாரம், கோழிச்சாறு கொடுத்தால் தெம்பு வரும் என்றார்கள். கோழிகளை மூடியிருந்த பஞ்சாரத்தைத் தூக்கினேன். உனக்கென்று வரும்போது நோஞ்சானைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. நூலை அவிழ்த்துவிட்டுச் செவலையை அறுத்தேன். நீ இரண்டு கிண்ணம் குடித்தாய்.

மறுநாள் விடிந்ததும் கேட்டாய். "செவலை கூவலையே, எங்கே?"

"கீரி பிடிச்சிருச்சு."

என் முகத்தையே பார்த்தாய். திட்டப்போகிறாய் என்று நின்றேன்.

"சரி, விடுங்க. இன்னும் ஒரு வாரத்துக்குக் கோழிக இடுற முட்டையில அதோட வித்துதான் இருக்கும். ஒண்ணையும் அவிச்சுப்புடாம வெரசா அடை வச்சிருங்க."

தெரிந்துதான் சொன்னாயா? தெரிந்திருந்தால் ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை?

அடை வைத்த ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். துட்டி விசாரிக்க வந்தவர்களால் வீடு நிறைந்திருந்தபோது, அடைக்கோழிக்குத் தண்ணீர் வைக்க நான் எழுந்து போனேன். "பொண்டாட்டி பொணமாக் கெடக்குறா, இவன் கோழியப் பார்க்கப் போறான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தண்ணீரை வைத்துவிட்டுத்தான் திரும்பினேன்.

எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. வளர்ந்து நிற்கும் நேரத்தில் இந்தச் சீக்கு. எட்டும் கழுத்தைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டன. நாலு செத்தன. நாலு எழுந்து இரை பொறுக்குகின்றன. அதில் ஒன்று சேவல். அது எழுந்த அன்று, "பேச்சி, பிழைச்சிருச்சுடி" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாலுக்கும் நூல் கட்டியாயிற்று. நான் இருக்கிறவரை ஒன்றின்மேலும் கத்தி படாது, இது சத்தியம். ஆனால் பேச்சி, நீ திரும்பி வந்து அதே கட்டிலில் நோவோடு படுத்தாயானால், நாலில் நல்லதைத்தான் அறுப்பேன். அப்போதும் என்னை ஏசாதே.

உன் வீட்டுக்காரன்,
சுருளி