கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஃபேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக ஆசைதான், ஆனால் ஒன்பது நாளாக நீ போனை எடுக்காததால் அதை உன்னிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, குரல் மட்டும் குறையவில்லை. உன் தம்பி புது வேலையில் நிலைத்துவிட்டான், மேலதிகாரியைப் பற்றி வீட்டில் நல்ல வார்த்தை பேசுகிறான் என்றால் பார்த்துக்கொள். கடை வழக்கம் போலத்தான், பழைய ஃப்ரிட்ஜ் வாங்கி விற்கிறவனுக்கு வெயில் காலம் வந்தால் சாப்பிட நேரமில்லை. போனில் நீ வெட்டி வெட்டிப் பேசுகிறாய், கடிதமென்றால் பாதியில் "சரிப்பா, வைக்கிறேன்" என்று சொல்ல முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபத்தோடு படித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படி.

ஆமாம், உன் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டது நான்தான். உன்னிடம் கேட்காமல் போட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அது தெரிந்தே கேட்கவில்லை. நடனக் குழுவுக்காக நீ செய்துகொண்டிருக்கிற ஒரு மணி நேர இசையில் முதல் பாதியை அனுப்பினாய் இல்லையா, அதைக் கடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். ட்ரோன் என்று நீ சொல்கிற அந்த முடிவில்லாத ரீங்காரத்தில் எனக்கு என்ன புரியப்போகிறது என்று அம்மா கிண்டல் செய்தாள். எனக்கு ராகம் தெரியாது, ஆனால் முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜின் முதுகில் காதை வைத்துக் கேட்டுத்தான் விலை சொல்கிறேன். உன் குரலுக்கு அடியில் ஒரு ஃபேன் ஓடுகிறது. பேரிங் போன ஃபேன். சுற்றுகிறது, மூச்சு முட்டி இறங்குகிறது, தட்டுத் தடுமாறி மறுபடியும் ஏறுகிறது. குளியலறையில் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகையை வெளியே தள்ளுகிற ஃபேன் அது என்று நீயே முன்பு சொல்லியிருந்தாய், அதன் சுரத்துக்கு என் குரலைச் சேர்த்துத்தான் பாடுகிறேன், அதற்காகவே ஹீட்டரை அணைக்காமல் ஓட விடுகிறேன் என்றும் சொன்னாய்.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் அந்த மாதம் முழுக்க நீ அம்மாவிடம் சொன்னதை எல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தலைவலி என்றாய், சாயங்காலமானால் கால் கனக்கிறது என்றாய். பிறகு குளியலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது, பயமாக இல்லை, நான் முனகினால் அவரும் கூட முனகுகிறார், எனக்கு அது துணையாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மா போனை வைத்துவிட்டு நேராகப் போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். எனக்கு மட்டும் நம் கடை மெக்கானிக் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது, ஒரு காது கேட்காதே, நாம் ஒத்தைக்காது என்று கூப்பிடுவோமே, அவர்தான். மறுபடி சொல்லச் சொன்னேன். வாலிபத்தில் ஒரு பட்டறையில் ஜெனரேட்டரை உள்ளேயே வைத்து ஓட்டினார்களாம். ஒரு வாரத்தில் அவருக்கும் கூட வேலை பார்த்தவருக்கும் மூலையில் ஒரு பெண்பிள்ளை நிற்பது தெரிய ஆரம்பித்ததாம். "ரெண்டு பேருக்கும் ஒரே பொம்பளதான் தெரிஞ்சா, முதலாளி, அதே ஈரத் தலை. கதவத் தொறந்து ரெண்டு நாள் காத்து விட்டோம், போயிட்டா" என்றார். புகை சரியாக வெளியேறாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேருமாம், அதற்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, மூளைக்குள் போய் என்ன வேண்டுமானாலும் காட்டுமாம். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் உன் வாடகைப் பத்திரத்தில் வீட்டுக்காரம்மாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்த அரைகுறையில் ஃபேன், கேஸ், என் மகள் என்று மூன்றே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். நல்ல மனுஷி, அன்றைக்கே வால்வை மூடி ஆளைக் கூட்டி வந்துவிட்டாள். புகைக்குழாயில் பறவை கூடு கட்டி அடைத்திருந்தது, ஃபேன் பேருக்குத்தான் சுற்றியது, ஜன்னல் சட்டம் வளைந்து சரியாக மூடாததால்தான் இங்கே குடியிருக்கிற பெண் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்று வந்தவன் சொன்னானாம். அந்த ஜன்னலைச் சரி செய்யச் சொல்லி நீ மூன்று முறை புகார் எழுதியது எனக்குத் தெரியும், அவள் செய்யாமல் விட்டதற்கு நான் அவளுக்கு நன்றி சொன்னேன், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது, "அப்பா, அது போயிடுச்சு. இனிமே வராது. உங்களாலதான்" என்பது. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். உயிர் பிழைத்த பெண் பேசுகிற பேச்சா இது என்று அம்மா கேட்டாள். அதற்கு மேல் நான்கு நாள் கழித்து வீட்டுக்காரம்மா மறுபடி கூப்பிட்டாள். கழற்றிய பழைய ஃபேனை நீ அந்த ஆளிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாயாம், துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாயாம், புது ஃபேனைக் கழற்ற எந்த அளவு ஸ்க்ரூடிரைவர் வேண்டும் என்று அவளிடமே கேட்டாயாம். அவள் என்னமோ என்று நினைத்தாள், எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷ இசை பாக்கி. அதற்காக அந்தப் புகைக்குள் மறுபடி போய் உட்காரப் போகிறாய். இல்லை என்று சொல்லாதே. நீ என் மகள், சரக்கு முடியாமல் கடையை மூடுகிற பழக்கம் நம் இரண்டு பேருக்கும் கிடையாது.

சும்மா வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், அதனால் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு வேறு சரக்கு கொடுக்கலாம் என்று இறங்கினேன். நீ அம்மாவுக்கு விளக்கிச் சொன்னதில் பாதி மனசில் இருந்தது, மீதியை எதிர்க்கடையில் செல்போன் பழுது பார்க்கிற பெண் லேப்டாப்பில் சொல்லிக் கொடுத்தாள். "அங்கிள், உங்களுக்கு ஏன் இந்த வயசுல பேய் சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஒரு பெரிய தப்பு செய்தேன். பதிவு செய்ய என் கடையிலேயே நன்றாக ஓடுகிற ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தேன், வியாபாரி புத்தி, நல்ல பொருளைத்தானே முன்னால் வைக்கத் தோன்றும். அதை நான்கு மடங்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அம்மா இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு "கரண்ட் பில் கட்டியாச்சான்னு ஞாபகம் வருது, வேற ஒண்ணும் வரல" என்றாள். பிறகுதான் உறைத்தது, கெட்டுப்போனதில்தான் அசைவு இருக்கிறது. பின்பக்கம் போட்டிருந்த மூன்று கெட்ட ஃப்ரிட்ஜை எழுப்பினேன். ஒன்றுக்கு கம்ப்ரசர் இருமும், ஒன்றுக்கு உள்ளே தகடு அதிரும், மூன்றாவது ஓட ஆரம்பித்தால் தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடும்.

ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் பதிவு செய்தேன், உடம்போடு மைக்கை ஒட்டி ஒரு முறை, பத்தடி தள்ளி ஒரு முறை. நீ சொன்ன மாதிரி ஆரம்பிக்கிற 'டக்' சத்தத்தை வெட்டி எறிந்தேன், எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போனதும் அது இயந்திரமாக இருப்பதே நின்றுவிட்டது. மெதுவாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் எடுத்து அந்த நகலை மட்டும் ஒரு மயிரிழை கீழே இறக்கிச் சேர்த்தேன், இரண்டும் ஒன்றை ஒன்று உரசி அலை அலையாக ஏறி இறங்கியது. இறக்கம் கூடினால் அலை வேகமாகிறது, குறைந்தால் மெதுவாகிறது, அதைத் தடவித் தடவி ஓர் ஆள் தூங்கும்போது மூச்சு விடுகிற வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் எனக்குக் கை நின்றது. கதவுக்குப் பின்னால் நிற்கிறவர் இப்படித்தானே வந்திருப்பார் என்று தோன்றியது, உன் குரல் ஒரு சுரம், ஃபேன் அதற்கு ஒட்டிய இன்னொரு சுரம், நடுவில் உண்டான மூச்சு மூன்றாவது ஆள். மீதியை அந்தப் புகை செய்திருக்கிறது.

மூன்றும் ஒன்றாகக் கத்தினால் களேபரம், அதனால் ஒன்றில் அடிச்சத்தத்தை மட்டும் வைத்து மற்ற இரண்டிலும் அதை வழித்து எடுத்தேன், ஒன்று வரும்போது இன்னொன்று விலகுகிற மாதிரி ஒலியளவைக் கையாலேயே மெல்ல ஏற்றி இறக்கினேன். முடிவையும் ஆரம்பத்தையும் ஒன்றின் மேல் ஒன்று படரவிட்டு ஒட்டினேன், மூட்டு தெரியவில்லை. கடைசியாக எதிரொலி. அதற்கு ஒரு இறைச்சிக் கடையிலிருந்து வந்த பழைய கூல் ரூம் நம் கிடங்கில் நிற்கிறது, ஆள் உள்ளே போய் நிற்கலாம், சுற்றிலும் தகடு, மின் இணைப்பே கிடையாது. அதற்குள் ஸ்பீக்கரை வைத்து ஓட்டி, அந்தச் சத்தத்தை மறுபடி பதிவு செய்து, அதைத் திரும்ப அதற்குள்ளேயே ஓட்டி, இப்படி மூன்று முறை. மூன்றாவது முறையில் ஃப்ரிட்ஜ் எல்லாம் கரைந்து அந்த அறை மட்டும் பாடியது. கதவு இடுக்கில் கட்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே நின்றேன், காற்று வந்துகொண்டிருந்தது. அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் பதிவாகிவிடும். ஒன்பதாவது நிமிஷத்தில் என் இடது தோளுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை. நட்டநடுப் பகல், வெளியே லாரிக்காரன் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான், ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஒன்பதாவது நிமிஷத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "யாருங்க அது, உங்க பக்கத்துல?" என்றாள். இரண்டு சுரம் உரசினால் அப்படித்தான் கேட்கும் என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி விளக்கினேன். "அப்படீன்னா உங்களுக்கு ஏன் வேர்க்குது?" என்றாள். உன்னிடம் மறைப்பானேன், பிறகு லேப்டாப்பில் போய்ப் பார்த்தேன், அந்த இடத்தில் நகல்களின் ஒலியளவை முழுக்க இறக்கியிருந்தேன், ஒற்றைச் சத்தம்தான் இருக்கிறது. எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த அறையில் கேஸ் இல்லை, புகை இல்லை, எனக்குத் தலை வலிக்கவில்லை, சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன். நீ தொலைத்துவிட்டதாக நினைக்கிறாயே, அது விஷக்காற்றில் மட்டும் வருகிற பொருள் இல்லை. நல்ல காற்றிலும் வருகிறது. அதற்காக நீ சாக வேண்டியதில்லை.

இந்தப் பார்சலில் ஒரு மெமரி கார்டும் விஷக்காற்று சேர்ந்தால் கத்துகிற வெள்ளை நிறச் சின்ன அலாரமும் இருக்கும். கார்டில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்திருக்கிறேன், உன் குரலை மேலே சேர்த்துக்கொள், பிடிக்காததைத் தூக்கிப் போடு, நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். அந்தக் கூல் ரூமுக்கு நேற்று ஒருவர் விலை கேட்டார், நல்ல விலை. விற்கிறதுக்கு இல்லை என்றேன். ஒத்தைக்காது தன் கேட்கிற காதையும் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். உன் பன்னிரண்டு நிமிஷம் முடிகிற வரை அது இங்கேயே நிற்கும், மூன்று ஃப்ரிட்ஜையும் பழுது பார்க்காமல் கெட்டபடியே வைத்திருக்கிறேன், உனக்கு எது வேண்டும் என்று சொன்னால் நானே உள்ளே போய் நின்று பதிவு செய்து அனுப்புகிறேன். பழைய ஃபேனின் சுரம்தான் வேண்டும் என்றால் மேஜை மேல் வைத்து ஓட்டிப் பதிவு செய், குழாயில் மட்டும் மாட்டாதே. பதிவு முடிந்ததும் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடு. ஹெட்போனில் அடிச்சத்தத்தை ஏற்றி வைத்து மணிக்கணக்காகக் கேட்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா உன்னை உச்சி முகர்ந்ததாக எழுதச் சொன்னாள். தீர்க்காயுசாக, நல்ல காற்றாகச் சுவாசித்து, நினைத்ததை முடித்து நன்றாக இரு. அலாரத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்ட மறக்காதே. அது கத்தினால் மைக்கையும் லேப்டாப்பையும் போட்டுவிட்டு வெளியே ஓடு. அது கத்தாமல் இருந்தும் கதவுக்குப் பின்னால் ஆள் நின்றால் நீயாகப் போய்த் திறக்காதே, என்னைக் கூப்பிடு. டிக்கெட் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாகத் திறந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
நீ திட்டுவதற்காகவாவது போன் பண்ணுவாய் என்று காத்திருக்கும்
உன் அப்பா