ஓணம் கழிந்த மறுவாரம்

சாலை, திருவனந்தபுரம்
சித்திரை 14

அன்புள்ள தம்பி அழகியநம்பிக்கு,

அக்கா நாச்சியார் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ நலம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய், மாடிப்படி ஏற முடிகிறதா, கால் குடைச்சல் எப்படி இருக்கிறது, அதை எழுது. போனில் கேட்டால் எல்லாம் சரிதான் என்று சொல்லிவிட்டுச் சுப்ரியா கையில் கொடுத்துவிடுகிறாய். அவள் ஸ்பீக்கரில் போடுகிறாள். பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருக்கும்போது நீ வாய் திறக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதம். நம் கடைக்கு வற்றல் மிளகாய் ஏற்ற வாரா வாரம் விருதுநகர் போகிற மைதீன், திருநெல்வேலியில் வண்டியை நிறுத்தி உன் கையில் தருவார்.

உனக்கும் எனக்கும் ரத்தம் பொருந்திவிட்டது, உனக்குத் தரப்போகிற என் கிட்னியும் நன்றாக இருக்கிறது என்று இங்கே ஆஸ்பத்திரியில் சொன்னதை என் பெண் ஆதிரா உனக்கு அன்றே சொல்லிவிட்டாள். எடை விஷயத்தை நான்தான் சொல்லவேண்டாம் என்றேன். தொண்ணூற்றிரண்டு கிலோ ஆளிடமிருந்து எடுக்கமாட்டார்களாம். எழுபத்தெட்டுக்கு வரவேண்டுமாம். உன் அத்தான் கடையில் மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏறி நின்று பார்த்தேன், தொண்ணூற்றிரண்டேதான். சுமட்டுக்காரர்கள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். சிரிக்கட்டும், சவம்.

டாக்டர் ஜெயஷீலா மார்த்தாண்டத்துக்காரி, நம் தமிழிலேயே பேசுகிறாள். வாரத்துக்கு ஒரு ஊசி எழுதித் தந்திருக்கிறாள். பேனா மாதிரி இருக்கிறது, வயிற்றுச் சதையைப் பிடித்து நானே குத்திக்கொள்ளலாம். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுப் போட்டுக்கொள்வது. பசியே எடுக்காதாம். கழக்கூட்டத்தில் ஆதிரா ஆபீசில் ஒரு பெண் ஐந்து மாதத்தில் இருபது கிலோ இறங்கிவிட்டாளாம்.

ஆக, மாதம் நாலு கிலோ. ஓணம் கழிந்த மறுவாரம் ஆப்பரேஷன். சுப்ரியாவைப் பள்ளிக்கூடத்தில் இப்போதே லீவுக்கு எழுதிக்கொடுக்கச் சொல். இப்போது உனக்கு ஆகாதென்பதால் நேந்திரங்காய் வறுவல் அனுப்ப முடியவில்லையே என்றுதான் சங்கடம். அதையும் ஓணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தைரியமாக இரு.

உன் அக்கா
நாச்சியார்

*

சாலை, திருவனந்தபுரம்
ஆடி 5

அன்புள்ள நம்பி,

உன் கடிதம் மைதீன் கொண்டுவந்தார். நாலே வரி. அதற்கு ஒரு முழுத்தாளை வீணாக்கியிருக்கிறாய்.

நேற்று சுப்ரியா என்னைக் கூப்பிட்டாள், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. எத்தனை கிலோ ஆச்சு என்று கேட்டாள். எண்பத்தேழரை என்றேன். அப்புறம், "மதினி, உங்களுக்கு மனசில்லன்னா சொல்லிருங்க. நாங்க வேற வழி பாக்கோம்" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருகிறவள் அவள். நானாயிருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன். ஆனால் போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்தில் நாலரை கிலோ. முதலில் சின்ன டோஸில் தொடங்கி மாதாமாதம் கூட்டுவார்கள், வயிறு பழகவேண்டும், அதனால் மெதுவாகத்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்கிறாள். டோஸைக் கூட்டின வாரமெல்லாம் குமட்டல். மிளகாய் நெடி இருபது வருஷமாக மூக்கில் ஏறாதவள், இப்போது கடைப்பக்கம் போனாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவருகிறேன். இரண்டு இட்லி தின்றால் மூன்றாவது இறங்கவில்லை. பின்னே ஏன் எடை இறங்கவில்லை என்று கேட்காதே. போன இரண்டு ஞாயிறும் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இறங்காதாம். அந்த ஆபீஸ் பெண்ணின் உடம்பு வேறு, என் உடம்பு வேறாம். ஆதிரா "அம்மா, டென்ஷன் வேண்டா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள்.

காலையில் கோட்டையைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் உட்கார முடியவில்லை. துடைத்த பாத்திரத்தையே துடைக்கிறேன். உன் அத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொடுக்காதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. கொடு என்றும் சொன்னதில்லை.

இன்னொன்று. கழுத்துக் குழாயில் ரொம்ப நாள் ஓட்டமுடியாது, டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று உன் டாக்டர் சொன்னாராமே. ஓணத்துக்குப் பிறகு கிட்னியே வந்துவிடும், கையை எதற்கு வெட்டவேண்டும் என்று நீ தள்ளிப்போட்டுவிட்டாயாம். அந்தக் கை ஆப்பரேஷனைப் பற்றி நான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

ஓணம் ஓணம்தான். நீ கவலைப்படாதே.

அக்கா
நாச்சியார்

*

சாலை, திருவனந்தபுரம்
ஆவணி 27

அன்புத் தம்பிக்கு,

ஓணம் கழிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நீ போனில் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று சுப்ரியாகூடக் கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இதைத் தனியாகப் படி. பிறகு அவளிடம் கொடு, அவளும் படிக்கட்டும்.

ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் டெஸ்டுக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு எண்பத்தாறு. எழுபத்தெட்டு எங்கே, எண்பத்தாறு எங்கே. எண்பது பக்கம் போய் நின்றால் பாவப்பட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நிறுத்தினேன் சோற்றை. பால் விடாத கட்டன்சாயா மட்டும். கடைசி இரண்டு நாள் தண்ணீரும் குடிக்கவில்லை. வெயிலில் அட்டக்குளங்கரை வரை நடந்தேன், வந்தேன், மறுபடி நடந்தேன். உன் அத்தானிடம் விரதம் என்று சொன்னேன். என்ன விரதம் என்று அவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி மெஷினில் எண்பத்திரண்டரை காட்டியது. நம்பி, எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். உனக்கு அங்கிருந்தே போன் போட எடுத்தேன். அதற்குள் கண் இருட்டிவிட்டது. நர்ஸ் பிடித்து உட்காரவைத்தாள். சாயங்காலம் ரத்த ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. உனக்கு ஏறுமே, அதே கிரியாட்டினின்.

ஜெயஷீலா கத்துகிற டாக்டர் இல்லை. ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நாச்சியாரம்மா, தம்பிக்குக் கொடுக்க வச்சிருக்கிற கிட்னியையே வாட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் அத்தான்தான் காரில் கூட்டிவந்தார். கடைக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை நின்றார். அப்புறம் சொன்னார்: "காயவச்ச மூட்டை எடை குறையும். சரக்கு அப்படியேதான் இருக்கும். மிளகாய்க் கடைக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா?" சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் ஒழுங்காகத் தின்று குடித்த பிறகு எண்பத்தைந்தரைக்கு வந்துவிட்டேன். இறங்கினதெல்லாம் தண்ணீர்தான். கிரியாட்டினின் பழையபடி சரியாகிவிட்டது, பயப்படாதே. ஆனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி பார்ப்பார்களாம். அப்போதும் இப்படிப் பட்டினி கிடந்து போய் நின்றால் என்னை எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். ஓணம் என்ற தேதி எந்த டாக்டரும் சொன்னதில்லை. நான் சொன்னது. சித்திரையில் முதல் ஊசி எழுதித்தந்த அன்றே ஜெயஷீலா தெளிவாகச் சொன்னாள்: பதினாலு கிலோ இறங்க ஒரு வருஷம் ஆகலாம், மேலேயும் ஆகலாம், நடுவில் மாதக்கணக்கில் அசையாமலும் நிற்கும். எழுபத்தெட்டு வராமலேயே நின்றுவிடுகிற உடம்பும் உண்டு என்றாள். ஊசியை நிறுத்தினால் போனது திரும்பி வரப் பார்க்கும், அதனால் சாப்பாட்டையும் நடையையும் என்றைக்குமாக மாற்றிக்கொள்ளவேண்டும் என்றாள். ஒரு கிட்னியோடு மிச்ச நாளும் வாழப்போகிறவளுக்கு ஒரு நாள் மெஷினில் காட்டுகிற எடையால் பிரயோஜனம் இல்லை, இறங்கி நிற்கிற எடைதான் வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து உனக்கு ஓணம் என்று எழுதினேன். டயாலிசிஸ் படுக்கையில் உன் முகம் இருந்த இருப்புக்கு ஒரு வருஷம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏன் பட்டினி கிடந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினில் ஏறினேன். எடை இறங்கவில்லை. அப்போது ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது தம்பி. இந்த மாதம் இல்லை, இந்த மாதம் என்னை வெட்டமாட்டார்கள் என்று. சுப்ரியா கேட்டாளே, மனசில்லையா என்று, அது அதற்கு மறுநாள். அவள் என் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பயம் இருக்கிறது. மனசும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது, நான் என்ன செய்வேன். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தேன். யாருக்கு என்ன லாபம்.

நான் ஊசியை நிறுத்தவில்லை. எடையை இறக்குவது என் மேலேயே கோபப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை என்று இப்போது புரிகிறது. நடக்கிறேன், முட்டையும் பயறும் தின்கிறேன், சொன்ன அளவு தண்ணீர் குடிக்கிறேன். மெஷினில் ஞாயிறு தவிர ஏறக்கூடாது என்று உன் அத்தான் சுமட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். தினமும் ஏறினால் அவர்கள் விரட்டுகிறார்கள்.

உனக்குப் போன வாரம் குளிர்ஜுரம் வந்ததென்றும், கழுத்துக் குழாயில் கிருமி சேர்ந்து இரண்டு நாள் அட்மிட் ஆகியிருந்தாய் என்றும் மைதீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று மறைத்தாயாக்கும். நானும் அப்படித்தான் மறைத்தேன், பார். நான் சொன்ன பொய்த் தேதியை நம்பி நீ கையை வெட்டாமல் இருந்தாய், அதனால் வந்த ஜுரம் அது. இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அக்காவுக்காகச் செய். இந்த வாரமே போய் அந்தக் கை ஆப்பரேஷனைச் செய்துகொள். அந்தக் கையில் டயாலிசிஸ் ஊசி போட ஆறு வாரம், எட்டு வாரம் ஆகுமாம். தையல் ஆறி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தினமும் பந்தை அமுக்கி அமுக்கி விடவேண்டுமாம், நரம்பு தடிக்க. சாலைக் கடைத்தெருவில் தேடி ஒரு ரப்பர் பந்து வாங்கி இந்தக் கடிதத்தோடு மைதீனிடம் கொடுத்திருக்கிறேன். சின்னப்பிள்ளை சாமான் என்று தூக்கிப் போடாதே. ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தவறக்கூடாது. சுப்ரியாவை லீவு இப்போது வேண்டாம் என்று திருப்பி எழுதிக்கொடுக்கச் சொல், மதினி மன்னிப்புக் கேட்டாள் என்றும் சொல்.

உன் கை நன்றாகத் தேறட்டும். நீ அங்கே பந்தை அமுக்கிக்கொண்டிரு, நான் இங்கே நடந்துகொண்டிருக்கிறேன். ஓணம் கழிந்த மறுவாரம் என்று சொன்னேனே, அதை நான் மாற்றவில்லை. எந்த ஓணம் என்று மட்டும் கேட்காதே தம்பி.

உன் அக்கா
நாச்சியார்