நெஞ்சு வலி உண்டா என்ற கேள்விக்கு நீ சொன்ன பதில்

என் செல்ல அம்மாவுக்கு,

ஆய்வேட்டை நேற்று பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டேன். பி.ஏ. பொருளாதாரம் இதோடு முடிகிறது. உன் கம்பெனி பஸ் இப்போதும் காலையில் நம் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. தம்பி இன்னும் அந்தச் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். உன் டிபன் டப்பாவை நான்தான் காலேஜுக்கு எடுத்துப் போகிறேன். அந்த மூடி இன்னமும் சரியாக மூடுவதில்லை. ரயில் மீஞ்சூர் தாண்டுவதற்குள் பையெல்லாம் குழம்பு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்களின் ஷிப்ட் நேரமும் உடல்நலமும். இதுதான் என் தலைப்பு என்றதும், "அப்போ மொத ஆளு நான்தான்" என்று நீயே வந்து உட்கார்ந்தாய். முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாய். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பது விதி. அதனால் உன்னையும் 'நீங்கள்' என்றேன். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கேளுங்க மேடம்" என்றாய்.

"கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு நெஞ்சு வலி இருந்ததா?"

"எனக்கா? இன்னாடி கேள்வி இது! கல்லு மாதிரி கீறேன். இல்லன்னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் 'இல்லை' என்றால் பூஜ்யம், 'ஆம்' என்றால் ஒன்று. அந்த மாதமே நீ வேலையில் நின்றபடியே சரிந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எங்களை விட்டுப் போய்விட்டாய்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மீதிப் பேட்டிகளுக்குப் போனேன். உன் பக்கத்தில் நின்று பேக்கிங் செய்த குமாரி அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"உங்கம்மாவுக்கு ரொம்ப நாளாவே வலிதான் கண்ணு. மாரைப் புடிச்சிக்கினே நிப்பா. டாக்டராண்ட போடின்னா, 'பொண்ணு பரிச்ச முடியட்டும், பேஜாரு பண்ணாத, பெரியபாளையத்தாளுக்கு வேண்டிக்கினுகீறேன்'னுவா."

பெரியபாளையத்து அம்மனிடம் சொன்னாய். குமாரி அக்காவிடம் சொன்னாய். எதிரே உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்ட என்னிடம் மட்டும் ஏன் அம்மா சொல்லவில்லை? அழுகையோடு கோபமும் வந்தது. இப்போதும் வருகிறது.

அந்தப் பூஜ்யத்தை ஒன்றாக மாற்றலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "அவங்க சொன்னதை நாம மாத்தக் கூடாதும்மா. உனக்குக் கஷ்டமா இருந்தா, அவங்க வரியையே எடுத்துடு" என்றார்.

அட்டவணையில் உன் வரியை எடுக்கத்தான் போனேன். உன் வயது, உன் ஊர், நீ நின்ற ஷிப்ட், எல்லாம் அந்த ஒரே வரியில் இருந்தன. அழிக்கக் கை வரவில்லை அம்மா. ஏற்கெனவே ஒருமுறை உன்னை அனுப்பிவைத்தாயிற்றே.

நீ சொன்னபடியே பூஜ்யம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் மட்டும் இப்படி எழுதியிருக்கிறேன்: 'முதல் பேட்டி ஆய்வாளரின் தாயாருடையது. கேட்டது மகள் என்பதால் அவர் தம் வலியை மறைத்தார்.'

இந்த வேலையைத்தான் தொடர்ந்து செய்யப் போகிறேன். இன்னும் எத்தனையோ வீடுகளில் போய் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் எந்த அம்மாவிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால், பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே போய் இருக்கச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

நீ 'மேடம்' என்று கூப்பிட்ட உன் மகள்,
பவானி