பனிக்குப் பயந்த மாப்பிள்ளை

19 ஜனவரி 2025, ஞாயிறு

பத்தரைக்கு நல்ல நேரம். பெண் கேட்டு வரவேண்டிய ஈப்போ பையன் அகிலன் வரவில்லை. மகள் தனுஜா பட்டுச்சேலையோடு போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளைத் துரை விமானம் ஓட்டுகிறாராம் — துணை பைலட். நேற்றுக் காலை பெங்களூரில் பனியாம். இறங்க முடியாமல் சென்னைக்குத் திருப்பிவிட்டார்களாம். ஊர் திரும்ப இன்று ராத்திரி ஆகுமாம்.

முப்பத்தொரு வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். பனி பார்க்காத காலையா? அதற்காகக் கொழுந்தை மலையடிவாரத் தாப்பாவுக்குத் திருப்பிக்கொண்டு போனேனா?

20 ஜனவரி

அகிலனிடம் போனில் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, பனிக்குப் பயந்தா மலையில பொண்ணு எடுக்க முடியுமா?"

சிரித்தான். "இருநூறு அடி வரைக்கும் இறங்கிப் பாத்தோம் அங்கிள். ரன்வே விளக்கு தெரியல. தெரியலன்னா மேல ஏத்திடணும். பனியில உங்க லோரிக்கு முன்னால உங்க உதவியாளு, கெலிண்டான் ராமையா டார்ச் புடிச்சு நடக்கிறாராமே, தனுஜா சொன்னா. எனக்கு முன்னால யாரு நடப்பா?"

வாயைப் பார்! என் வீட்டுக்காரி சரோஜா வேறு, "சரியாத்தானே கேக்குது அந்தப் புள்ள" என்கிறாள். கொழுந்து பறிக்கிறவளுக்கு ரன்வே தெரியுமாக்கும். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

23 ஜனவரி

தனுஜா என்னோடு பேசுவதில்லை. நல்லது. வீட்டில் சத்தம் குறைவு.

28 ஜனவரி, செவ்வாய்

ராமையாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. காலையில் மூக்கு நுனி தெரியாத பனி. கொழுந்து பறிக்கிற பெண்களோடு பின்னால் இருந்த சரோஜா தகரத்தைத் தட்டினாள். "நிப்பாட்டுங்க, பனி விலகட்டும்!" நிறுத்தினால் நானும் பைலட் ஆகிவிடுவேனே. ஓட்டினேன்.

வளைவு தெரியவில்லை. லோரி மலைப்பக்கத்து லொங்காங் வடிகாலில் சாய்ந்தது. பின்னால் பெண்கள் பதினொரு பேர். சரோஜாவுக்கு மணிக்கட்டு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் — பள்ளம். ஐயோ, எழுதமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவள் திட்டவே இல்லை. "உங்களுக்கு ரோடு தெரிஞ்சிச்சா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

30 ஜனவரி

நானே அகிலனுக்குப் போன் போட்டேன். "ஒன்பதாம் தேதி வீட்டாரோட வாங்க" என்றேன். மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. பெரிய ஆம்பளை!

9 பிப்ரவரி, ஞாயிறு

பத்தரைக்கு நல்ல நேரம். பத்தேகாலுக்கு அகிலன் போன். "அங்கிள், மலையேறி வர்ற வழியில, கம்போங் ராஜாவுல பனி, ஒண்ணுமே தெரியல. காரை ஓரமா நிப்பாட்டிட்டோம்."

சரோஜா கட்டுப் போட்ட கையோடு என்னையே பார்த்தாள்.

"நில்லுங்க மாப்பிள்ளை" என்றேன். "விலகின பிறகு வந்தா போதும்."

அண்ணன் பழனியப்பன் கடிகாரத்தைக் காட்டினார். "நேரம் போவுது லா!"

"நேரம்தானேண்ணே போவுது" என்றேன்.