கழுதைப்புலிக்குக் காத்திருந்தோம்

1984, ஆகஸ்ட் 3
மாரா ஆற்று மேட்டில் ஒரு கிழட்டு யானை செத்துக் கிடக்கிறது. தந்தத்தை வனக்காவலர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மரமெல்லாம் பிணந்தின்னிக் கழுகுகள். யானைத் தோலைக் கிழிக்க அவற்றால் ஆகாது. சிங்கமோ கழுதைப்புலியோ வந்து திறந்துவிடட்டும் என்று பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரணம் யானை இல்லை. நேற்று என் கணவர் பர்முவத்தின் செவலைக் கிடாரியைச் சிங்கங்கள் அடித்துவிட்டன. அவர் சாப்பிடவில்லை, பேசவில்லை. கத்தினால் சமாளிப்பேன். பேசாத புருஷன்தான் பயம்.

ஆகஸ்ட் 5
சிங்கங்கள் தோலைத் திறந்துவிட்டன. இரவெல்லாம் கழுதைப்புலிச் சிரிப்பு. மாமனார் படுத்தபடியே கேட்டுச் சிரித்தார். மூச்சு விடவே கஷ்டப்படுகிறவர்.

"கேட்டியா, பக்கிட்டெங்? நல்ல பசியோட இருக்காங்க. எனக்கும் இப்படியே வரணும்."

கல்யாணத்தன்று எனக்கு ஒரு பசு தந்தவர் அவர். தந்தவரும் வாங்கினவளும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"சும்மா இருங்க பக்கிட்டெங். உங்க உடம்புல என்ன இருக்கு? பல்லு குத்தத்தான் ஆகும்."

இருமல் வரும்வரை சிரித்தார். இப்போது எல்லோரும் புதைக்கிறார்கள். அவருக்கோ, பிணத்தைப் புதைத்தால் நிலத்துக்குப் புண். கழுதைப்புலிக்குத்தான் போட வேண்டும் என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். முதல் ராத்திரியே அவை உடலை எடுத்துக்கொண்டால், போனவர் நல்ல மனிதர். தொடாமல் விட்டால் — ஊர் வாயை யார் மூடுவது?

ஆகஸ்ட் 6
நரோக் சந்தையில் வாங்கி வந்த உண்ணி மருந்து டின்னைக் காணோம். மாடு கழுவும் மருந்து. பர்முவத் ஆற்று மேட்டிலிருந்து வந்தார். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

கேட்கவா? கேட்டு? சிங்கத்துக்கு வைத்தால் சிங்கம் மட்டுமா தின்னும்?

ஆகஸ்ட் 8
போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது.

ஒரு சிங்கம். கழுதைப்புலிகளை எண்ண மனம் வரவில்லை. கழுகுகள் இறக்கை விரித்தபடி விழுந்து கிடந்தன. எங்கள் நாயும். யானை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மற்ற வருஷமென்றால் இந்நேரம் விலா எலும்பு தெரியும். மிச்சத்தில் புழு நெளியும், வண்டு தோலை அரிக்கும். இதில் புழுகூட வைக்கவில்லை. ஈயெல்லாம் செத்து உதிர்ந்திருக்கிறது.

"நீங்கதானே?" என்றேன்.

"சிங்கம் என் மாட்டைத் தின்னுச்சு."

"கழுகு எதத் தின்னுச்சு?"

"மெதுவா பேசு. அப்பாவுக்குக் கேக்கும்."

ஆகஸ்ட் 13
ராத்திரியில் ஒரு சத்தமும் இல்லை.

"என்ன, எல்லாம் ஊரை விட்டுப் போயிட்டாங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"யானை தின்ன மயக்கம். தூங்குதுங்க."

பொய் சொன்ன வாய் இன்னும் கசக்கிறது.

ஆகஸ்ட் 21
விடியும்போது மாமனார் போய்விட்டார்.

கொழுப்பு தடவி, புதுச் செருப்பு மாட்டி, கையில் ஒரு பிடிப் புல் கொடுத்து, மேற்கே கொண்டு போய் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். இந்த வறட்சியில் அந்த ஒரு பிடிக்கு நான் அலைந்த அலைச்சல்.

இனி என்னைப் பக்கிட்டெங் என்று கூப்பிட யாரும் இல்லை.

ஆகஸ்ட் 22
தொடவில்லை.

ஆகஸ்ட் 23
ரத்த வாடைக்காவது வரட்டும் என்று பர்முவத் தன் வெள்ளை எருதை வெட்டி உடலுக்குப் பக்கத்தில் போட்டார். அதுவும் அப்படியே கிடக்கிறது.

பக்கத்துக் குடிசை நோலாரி என் காதுபடவே சொல்கிறாள்: "வாலிபத்துல என்னென்ன பண்ணினாரோ. கழுதைப்புலிக்குத் தெரியாதா?"

அவள் வாயைக் கிழித்திருப்பேன். உண்மையைச் சொன்னால் புருஷன் மானம் போகும். சொல்லாவிட்டால் மாமனார் பெயர் போகும். செத்தவர் வந்து வாதாட முடியுமா? என்னடி செய்யப் போற?

ஆகஸ்ட் 24
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேல மரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தபோது பர்முவத் எழுந்தார்.

"எங்கப்பா மேல குத்தம் இல்ல. அவரைத் தின்ன வர வேண்டியவங்களை நான்தான் மருந்து வெச்சுக் கொன்னேன்."

நோலாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோடரியை எடுத்துக்கொண்டு யானையின் மிச்சத்தை எரிக்க விறகு வெட்டப் போனார். கொஞ்ச நேரம் கழித்து அவரோடு ஒரே சமயத்தில் விருத்தசேதனம் ஆன சமவயதுக்காரர்கள் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.

ஆகஸ்ட் 26
விடியலுக்கு முன்னால் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு கழுதைப்புலிக் குரல். ஒன்றே ஒன்று. பிறகு இந்தக் கரையில், பிறகு மேற்கே, மாமனார் கிடக்கும் பக்கம்.

பர்முவத் எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதார். நானும்தான்.

டிசம்பர் 2
நல்ல மழை. யானை கிடந்த இடத்தைச் சுற்றி இடுப்பளவு புல். சமவெளி முழுக்கத் தேடினாலும் இப்படிப் பச்சை கிடையாது. ஊரே ஆசையாகப் பார்க்கிறது. பர்முவத் எங்கள் மாடுகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

இன்று காலை வேலியைப் பிரித்துக்கொண்டு ஒரு கன்றைக் கழுதைப்புலி தூக்கிப் போய்விட்டது. நான் ஈட்டியைக் கொண்டு வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. குனிந்து தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னுதானா?"

"பெருசு ஒன்னு. பக்கத்துல சின்னத் தடமும் இருக்கு, பாருங்க."

"குட்டியா?" என்றார். சின்னத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்து மறுபடியும், "குட்டி இருக்கா?"

பிறகு வேலியை அடைக்க முள் வெட்டப் போனார்.