எனக்கு மட்டும் தெரிந்த ஈ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், உன் அம்மாவின் குரல் அதைவிட நலம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கிறதே என்று பதறாதே, பார்சலில் முகவரி எழுதும் தடிப் பேனாவால் எழுதுகிறேன், காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் முடித்து வைப்பது உன் அம்மாவாக இருக்கிறது.

போன மாதம் நம் தையல் கடையில் ஓர் ஈ என்னைப் பிடித்துக்கொண்டது. துணியைப் பார்த்தால் துணி மேல், சுவரைப் பார்த்தால் சுவர் மேல். அடித்தால் சாகவில்லை, விரட்டினால் போகவில்லை. உன் அம்மா, கடைக்கு ஆள் வராமல் ஈ ஓட்டுகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தாள். எல்லாம் பக்கத்து பேக்கரியிலிருந்து வருவதுதான் என்று முடிவு கட்டி, பேக்கரிக்காரர் வாசலில் நின்று நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டு வந்தேன். மறுநாள் உன் பழைய தலைமையாசிரியர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தோளை அளக்கும்போது அந்தச் சனியன் அவர் வழுக்கையில் போய் உட்கார்ந்தது. விட்டேன் ஒரு அறை. உன்னை பெஞ்சு மேல் நிற்க வைத்த மனிதர்தானே, உனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும். சத்தம் கேட்டு ஓடி வந்த பேக்கரிக்காரர், அண்ணே அங்க ஈயே இல்லையே என்றார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணை மூடினேன், ஈயைக் காணோம். எங்க அக்காவுக்கும் சர்க்கரை, இப்படித்தான் ஆரம்பிச்சுது, வாங்க என்று, நான் திட்டியதை மனதில் வைக்காமல் கடையைச் சாத்திவிட்டு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், அதட்டலும் உன்னுடையதேதான். இத்தனை வருஷமா சர்க்கரையை வச்சுக்கிட்டு ஒரு தடவைகூட கண்ணைக் காட்டலையா என்றார். வலியே இல்லையே, ஊசியில் நூல்கூட கோர்க்கிறேனே என்றேன். வலிக்காததுதான் இதுல மோசம் என்றார். கண்ணுக்குப் பின்னால் விழித்திரை என்று ஒன்று இருக்கிறதாம், நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுமாம். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களைச் சர்க்கரை கெடுத்து அடைத்துவிட்டதாம். உடம்பு அவசர அவசரமாகப் புதுக் குழாய்களை வளர்த்ததாம், அவற்றுக்குப் பலம் கிடையாதாம். எனக்குப் புரிந்துவிட்டது, அவசரத்தில் போட்ட தையல். அதில் ஒன்று பிய்ந்து கசிந்த ரத்தம்தான் என் ஈ. பாவம் பேக்கரிக்காரர். அந்த ஈ போகப் போகக் கரையலாமாம். ஆனால் அப்படியே விட்டால் பார்வையே போய்விடுமாம், இடது கண்ணிலும் தொடங்கிவிட்டதாம். லேசர் வைத்தால் இருக்கும் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், கெட்டுப்போனது புதுசாகாது என்றார். வருகிற வியாழக்கிழமை முதல் தடவை. உன் அம்மாவிடம், இதெல்லாம் ஒரு விஷயமா என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள், என் சொத்து என்று உனக்கு வரக்கூடியது ஒரு தையல் மெஷினும் இந்தச் சர்க்கரையும்தான். இன்னொன்று. லீவுக்கு வரும்போது வாசலிலிருந்தே அப்பா என்று கத்தாதே. பேசாமல் வந்து நில். யாரென்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியருக்கு இலவசமாகச் சட்டை தைத்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா